கேட்டால் வருவார்

அவரை நான் முதன்முதலில் கண்டது கனடாவில், விக்டோரியா தெருவில் இருந்த ஒரு தமிழ்க் கடையில், ஈரப்பலாக்காய்ப் பெட்டிக்கு முன்னால். ஒரு காயைக் கையில் தூக்கி, காதருகே பிடித்து, விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான கறுப்பினப் பெண்மணி. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளைத் தொப்பியும் மடிப்புக் கலையாத சட்டையும் போட்டிருந்தார்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் வாய் சும்மா இராது. கல்லாவில் நின்றபடியே சத்தம் போட்டார்.

"அது வேண்டாம், வையுங்கோ. அங்காலை கிடக்கிறதை எடுங்கோ."

அந்தப் பெண்மணி காயைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நேரே கல்லாவுக்கு நடந்து போனார்.

"நான் உங்களிட்டைக் கேட்டனானோ?"

"இல்லை, அது பழுக்கத் துவங்கீட்டுது, அதுதான்..."

"நான் கேட்டிருந்தா நீங்கள் சொல்லலாம். நான் கேக்கேல்லை."

அந்தப் பெண்மணி திரும்பி வந்து இன்னும் இரண்டு காய்களைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் வாங்கியது கடைக்காரர் காட்டிய காயைத்தான். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். ஒரே தரிப்பில் இறங்கினோம். என்.டி.ஜி. என்ற பகுதியில் நாங்கள் குடிவந்து சில வாரங்களே ஆகியிருந்த அதே கட்டடத்தின் கதவை, எனக்கு முன்னால் அவர் திறந்தார். எங்களுக்கு மேல்மாடியில் இருந்தார்.

அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், கிரெனடாத் தீவின் இழுவையோடு. என் ஞாபகத்தில் அது எங்கள் தமிழாகவே பதிந்துவிட்டதால் அப்படியே எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. பெயர் விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பானவர். இளவயதில் வீட்டு வேலைக்கு இருந்த இடத்தில், பால்குடி மறந்த பிள்ளைகூட அவரைப் பெயர் சொல்லி ஏவியதாம். அதனால் அக்கம்பக்கத்தில் யாராயிருந்தாலும் 'மிஸ்' போட்டுக் குடும்பப் பெயரால்தான் கூப்பிட வேண்டும். நான் வெறும் 'மிஸ்' என்று கூப்பிடலாமா என்று கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். பெயரை எழுதலாமா என்று கேட்க இப்போது ஆளில்லை.

முதல் தடவை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வாங்கோ, உள்ளை வாங்கோ, இருங்கோ என்று நாங்கள் சொல்லும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அப்படியே கொட்டினார். நான் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன். "எடுங்கோ, சாப்பிடுங்கோ, வெக்கப்படாதேங்கோ, இன்னும் ஒண்டு எடுங்கோ" என்று தட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார்.

மிஸ் இருக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"நீங்கள் கேக்கிறீங்களோ, சொல்லுறீங்களோ?"

என் கணவருக்கு விளங்கவில்லை. எனக்குக் கடை ஞாபகம் வந்தது. நான்தான் விளக்கினேன். எங்கள் பாஷையில் இப்படித்தான் மிஸ், வந்தவரை இரு என்று சொல்வதும் சாப்பிடு என்று சொல்வதும் மரியாதை, பாசம்.

அவர் கொஞ்ச நேரம் அந்த ரோல்ஸைப் பார்த்தார்.

"பாசத்தையும் உத்தரவாத்தான் போடுவியளோ?"

"ஓம் மிஸ்" என்றார் என் கணவர், குற்றம் செய்தவர் மாதிரி.

"சரி. எனக்கு இருக்க விருப்பம். அதாலை இருக்கிறன்."

அன்றைக்கு என் கணவர் அவருக்கு இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். தமிழில் கேள்வி கேட்பதும் கேட்பதுதான், காதால் கேட்பதும் கேட்பதுதான், ஒருவர் சொன்னபடி நடப்பதும் அவர் சொல்லைக் கேட்பதுதான். மூன்றுக்கும் ஒரே சொல். தமிழின் சிறப்பைச் சொல்கிற பெருமை அவருக்கு. மிஸ் தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"ஆபத்தான பாஷை" என்றார்.

அதன் பிறகு என் கணவர் மாடிப்படியில் அவரைக் கண்டால் தடுமாறுவார். "பையைத் தாங்கோ" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "பையை நான் கொண்டுவரட்டோ?" என்பார். சில நாள் மிஸ் ஓம் என்பார். சில நாள் வேண்டாம் என்பார். எதைச் சொன்னாலும் சொல்வதற்கு முன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். அந்த நேரம் அவருக்கு இனித்தது என்று நினைக்கிறேன்.

ஏன் இப்படி என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் தன் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார். தீவுகளிலிருந்து இளம் பெண்களை வீட்டு வேலைக்கென்று கனடா எடுத்த காலத்தில் வந்தவர் அவர். மலைச்சரிவில் ஒரு பணக்கார வீடு. சாப்பாட்டு மேசையில் அவரைக் கூப்பிட ஒரு சின்ன வெள்ளி மணி இருக்கும். ஒரு மாலை வீட்டில் விருந்து. விருந்தாளிகள் வந்து இருந்த நேரத்தில் ஊரிலிருந்து தந்தி வந்தது. தாய் இறந்துவிட்டார். தந்தியோடு குசினியில் நின்றவரிடம் வீட்டுக்காரி வந்து தோளைத் தொட்டு, "பிறகு அழலாம். இப்ப சூப்பைக் கொண்டு வா" என்றாராம்.

"அவ பொல்லாத மனுசி இல்லை. அடுத்த நாள் எனக்குக் கறுப்பு உடுப்பு வாங்கித் தந்தவ. அவ சொன்னது பெரிசில்லைப் பிள்ளை. நான் கேட்டன். சூப்பைக் கொண்டு போனன். பேந்து மீனைக் கொண்டு போனன். கடைசியிலை கேக்கும் வெட்டிக் குடுத்தன். ஒருத்தரும் என்னைப் பிடிச்சு இழுக்கேல்லை. என்ரை கால்தான் நடந்தது."

பிறகு மிச்சத் தேங்காயையும் துருவி முடித்தார்.

அந்தத் தேங்காய் ஓகஸ்ட் முதலாம் திகதிக்கான தேங்காய். பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த தீவுகளிலும் இந்தக் கனடாவிலும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த நாள் அது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. சில மேப்பிள் மரங்களும் பிள்ளைகள் நனைந்து விளையாடத் தண்ணீர் பீச்சும் ஒரு இடமும் உண்டு. அங்கேதான் மிஸ்ஸும் அவர் காலத்துப் பெண்களும் பல வருடங்களாக அந்த நாளைக் கொண்டாடினார்கள். காலையிலேயே வெள்ளை உடுப்போடு வந்துவிடுவார்கள். இரண்டு மூன்று பேர் மேளம் கொண்டு வருவார்கள். மிஸ் ஒரு பெரிய பானையை எரிவாயு அடுப்பில் ஏற்றுவார். ஈரப்பலாக்காய்த் துண்டு, உப்பிட்ட இறைச்சி, கீரை, மா உருண்டை, மஞ்சள் எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைத்து, மேலே தேங்காய்ப்பால் ஊற்றி மூடிவிடுவார். பால் முழுதும் வற்றி எண்ணெய் அடியில் தங்கும்வரை அது வேகும்.

"இந்த ஈரப்பலா எங்கட தீவுக்கு எப்பிடி வந்தது தெரியுமோ? அடிமையளுக்கு மலிவாய்ச் சாப்பாடு போடக் கப்பலிலை கொண்டு வந்தது. கன நாளாய் அவை அதைத் தொடேல்லையாம். பேந்து சுதந்திரம் வந்தாப் பிறகு விரும்பிச் சாப்பிட்டவையாம்" என்று ஒருமுறை சொன்னார். உண்மையோ என்று நான் ஆராயவில்லை. அவர் வாயிலிருந்து கேட்க நன்றாக இருந்தது.

அந்தப் பூங்காவில் அந்த நாளுக்கு அவர் வைத்த வழக்கம் ஒன்றே ஒன்றுதான். ஒருவரும் ஒருவரையும் ஏவக் கூடாது. பிள்ளைகளைக்கூட. எது வேண்டுமானாலும் கேட்க வேண்டும்.

முதல் வருடம் என் மகளுக்கு ஆறு வயது. நான் தைத்த புதுச் சட்டையோடு தண்ணீர் பீச்சுகிற பக்கம் ஓடினாள். "போகாதை!" என்று கத்த வாயைத் திறந்தேன். அடுப்படியில் நின்ற மிஸ் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை... நனையாமல் இருக்க விருப்பமோ?" என்றேன்.

மகள் நின்று யோசித்தாள். "நோன்" என்று பிரெஞ்சில் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தாள். வெள்ளை உடுப்புப் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பியர்பொன்ட்ஸ் பக்கத்திலிருந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "வருசத்திலை ஒருநாள்தானே தங்கச்சி, தாங்கலாம்" என்றார்.

மிஸ்ஸும் யாரையும் ஏவியதில்லை. அதைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றித் தப்பான படம் விழுந்துவிடும். மேளக்காரரிடம் போய், "இப்ப அடிக்க உங்களுக்கு மனமிருக்கோ?" என்பார். இல்லை என்றால் சரி என்று திரும்பி வருவார். சாப்பாடு வெந்து முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றி மரக்கிளையில் போட்டுவிட்டு, புல்லில் கால் நீட்டி இருப்பார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பார். மற்றப் பெண்களும் வந்து பக்கத்தில் இருப்பார்கள். பேச்சில்லை, பாட்டில்லை. அவர்கள் எல்லோரும் இளவயதில் யாரோ வீட்டுக் குசினியில் நின்றவர்கள். எழும்பு என்று சொல்ல ஆளில்லாமல் இருப்பதே அவர்களுக்குக் கொண்டாட்டம் என்பது எனக்கு விளங்க இரண்டு மூன்று வருடம் பிடித்தது.

அரசாங்கம் அந்த நாளை நாடு முழுவதற்குமான நாளாக ஏற்றுக்கொண்டபோதுதான் பிரச்சினை தொடங்கியது. "இப்பதான் எங்களுக்குச் சொல்லுகினமோ?" என்று மிஸ் கேலி செய்தார். ஆனால் இளைய ஆட்கள் உற்சாகமாகி ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெரிய பூங்கா, மேடை, ஒலிபெருக்கி, அரசியல்வாதிகள் என்று திட்டம் போட்டார்கள். சங்கத்துக்குத் தலைவி மிஸ்ஸின் தங்கையின் மகள். மிஸ்ஸுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் முறையில் சொன்னால் அவள் பெறாமகள். பெறாத குறையே தவிர வளர்த்ததெல்லாம் மிஸ்தான். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் எங்கள் மேல்மாடியில் கழித்தவள். பெரியம்மா மேல் உயிர்.

தேவாலயத்து நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. கூட வருகிறாயா என்று மிஸ் கேட்டதால் நானும் போயிருந்தேன். பெறாமகள் எழுந்து திட்டத்தை விளக்கினாள். நன்றாகப் பேசினாள். கடைசியில் முகம் மலர்ந்து மிஸ்ஸின் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, நீங்கள் இனிச் சமைக்கக் கூடாது. கேற்றரிங் ஆக்கள் வருவினம், அந்தப் பெரிய பூங்காவிலை அனுமதியில்லாமல் நாங்கள் அடுப்பு வைக்க ஏலாது. நீங்கள் மேடையிலை நடுவிலை இருங்கோ. உங்களுக்குச் சால்வை போடுவம். நீங்கள் சும்மா இருந்தாக் காணும்."

மண்டபம் கைதட்டியது. அவள் கண்ணில் நீர் முட்டியிருந்தது. அது அவளுடைய பரிசு. எவ்வளவு காலமாக அதை மனதில் வைத்திருந்தாளோ தெரியாது.

மிஸ் கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்தார். பிறகு எழுந்து கோட்டை மாட்டினார்.

"வைச்ச இடத்திலை இருக்கிறதுக்கு நான் பூச்சாடியோ?"

அவ்வளவுதான். வாசலைத் தாண்டிப் போய்விட்டார். பெறாமகள் ஓடிவந்தாள். "அன்ரி, நில்லுங்கோ! நான் சொல்லுறதைக் கேளுங்கோ!" என்று படியில் நின்று கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு என்ன வரும்? மிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடத்திலிருந்து ஓகஸ்ட் முதலாம் திகதி எங்கள் பக்கத்தில் இரண்டு இடங்களில் நடந்தது. பெரிய பூங்காவில் ஆயிரக்கணக்கில் சனம். சின்னப் பூங்காவில் மிஸ்ஸும் பானையும். முதல் வருடம் பழைய ஆட்கள் பலர் இங்கேயும் வந்தார்கள், பிறகு அங்கேயும் போனார்கள். அடுத்த வருடம் மேளக்காரர் வரவில்லை, அங்கே மேடையில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளை உடுப்புப் பெண்களில் சிலர் இறந்துபோனார்கள், சிலர் பிள்ளைகளோடு தூரத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் வருடம் நாங்கள் மூன்று பேரும், மிஸ்ஸின் சிநேகிதிகள் இரண்டு பேரும் மட்டுமே மிஞ்சினோம். காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கும். மிஸ் அதே பானையில் அதே அளவு சமைத்தார். மிஞ்சியதை வீடு வீடாகக் கொண்டுபோய், வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்தார்.

"அங்கையும் ஒருக்காப் போய்ப் பாப்பமோ மிஸ்?" என்று என் கணவர் ஒருமுறை கவனமாகக் கேட்டார்.

"நீங்கள் கேக்கிறீங்கள். கேக்க வேண்டியவள் கேக்கேல்லை."

பெறாமகளோ மூன்று வருடமும் அழைப்பிதழ் அனுப்பினாள், கார் அனுப்பினாள், சால்வையைக்கூட ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினாள். கேட்கத்தான் இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் வந்தாள். மிஸ்ஸின் சாளரத்துக்கு நான் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். கோட்டைக் கழற்றாமல் கதவடியில் நின்றாள்.

"அன்ரி, வாற ஓகஸ்ட் எங்களோடை இருப்பீங்களோ? அடுப்புக்கு அனுமதி எடுத்துப் போட்டன். நீங்கள் சமைப்பீங்களோ? விருப்பமில்லாட்டி மேடைக்கு வரத் தேவையில்லை. உங்களுக்கு எப்பிடி விருப்பமோ அப்பிடி."

நான் கதிரையில் ஏறி நின்றபடியே திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மிஸ் அவளை நீண்ட நேரம் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு அமைதியாக இருந்து நான் காணவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டார். அவள் ஓம் என்றாள்.

குளிர்காலத்தில் மிஸ்ஸுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனார். இருதயம் பலவீனம், தங்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். மிஸ் தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரக்சி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தவரை நான்தான் கண்டேன்.

"என்ன மிஸ் இது?"

"நல்ல பெடியன். அவன் சொன்னது சரி" என்றார், மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு. "ஆனா சொன்னான்."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இழுத்துக்கொண்டு போயிருப்பேன். என் தாயாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அவர் பக்கத்தில் படியில் இருந்துகொண்டு கேட்டேன். "மிஸ், எனக்குப் பயமாக் கிடக்கு. திரும்பி ஆஸ்பத்திரிக்கு வருவீங்களோ? நாங்கள் கூட்டிக்கொண்டு போறம்."

வழக்கம்போல நேரம் எடுத்தார். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு வாறன்" என்றார்.

மறுநாள் வந்தார். சொன்ன சொல் தவறாதவர். ஆனால் அந்த ஒரு இரவில் நுரையீரலில் நீர் கட்டிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் பெறாமகள் நாள்தோறும் வந்தாள். தலைமுடி வாரிவிடட்டுமா என்று கேட்டு வாரிவிட்டாள். யன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டுத் திறந்தாள். இருவரும் பழைய கதைகள் பேசிச் சிரித்தார்கள். ஓகஸ்ட் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. மார்ச் மாதம், வெளியே உறைபனி உருகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மிஸ் போய்விட்டார்.

இந்த ஓகஸ்டில் நாங்கள் சின்னப் பூங்காவுக்குப் போனோம். சிநேகிதிகள் இரண்டு பேரும் வீட்டில் சமைத்ததைச் சட்டியோடு கொண்டு வந்திருந்தார்கள். பின்னேரம், சங்கத்து மஞ்சள் சட்டையோடு பெறாமகள் புல்வெளியைக் கடந்து வந்தாள். பெரிய பூங்காவில் அவள் இல்லாமல் நிகழ்ச்சி எப்படி நடக்கிறது என்று எனக்கு ஆச்சரியம். வந்து எனக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தாள்.

"ஆஸ்பத்திரியிலை நான் திரும்பக் கேட்டிருக்கலாம்" என்றாள். "இரண்டாந்தரம் கேட்டா அது நெருக்கிறது மாதிரி, சொல்லுறது மாதிரி ஆயிடும் எண்டு பேசாமல் இருந்திட்டன். அவவாச் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்." பிறகு என் கையைப் பிடித்தாள். "உங்களிட்டை ஏதும் சொன்னவவோ? வந்திருப்பாவோ?"

என் கணவர் முந்திக்கொண்டார். "ஓம் ஓம், வாறதாத்தான் இருந்தவ. நிச்சயமா வந்திருப்பா."

அவர் மனம் அப்படி. ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டுவது ஒரு பெரிய வேலையில்லை. ஆட்டியிருந்தால் அவள் நிம்மதியாக எழுந்து போயிருப்பாள். மிஸ்ஸுக்குப் பதிலாக ஓம் சொல்ல எனக்குத் தலை அசையவில்லை.

"என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை, அம்மா."

"அப்ப எனக்கு ஒருநாளும் தெரிய வராது."

"ஓம்" என்றேன்.

அவளுடைய ரெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. மேடையிலிருந்து தேடுகிறார்கள் போலும். அவள் எடுக்கவில்லை. என் கையையும் விடவில்லை.